எங்கள் பள்ளிக்கு ஒரு நைலான் கிட்டார்

(குறுவளமையக் கூட்டத்தில் ஆசிரியர்களிடையே ஆற்றிய உரை)



பள்ளிக்கு இசைக்கருவி வாங்கிய அனுபவத்தைப் பற்றி இன்று என்னைப் பேசச் சொல்லியிருக்கிறார்கள். நான் இசை ஆசிரியர் இல்லை. அறிவியல் பாடப் பட்டதாரி ஆசிரியர். பி.எட். படித்த காலத்தில் விடுதித் தோழி ஒருத்தி கிட்டாரில் நான்கு கார்ட்ஸ் சொல்லிக் கொடுத்தாள். ஐந்தாவது இன்றுவரை எனக்கு வரவில்லை. பிறகு ஏன் நான்? எங்கள் பள்ளியில் இரண்டு ஆண்டு இடைவெளியில் இரண்டு கிட்டார் வாங்கினோம். இரண்டையும் தேர்ந்தெடுத்தது நான்தான். முதலாவது தவறாகப் போனது. அந்தத் தவறைச் செய்தவர் பேசினால் மற்றவர்களுக்குப் பயன்படும் என்று எங்கள் தலைமையாசிரியர் நினைத்திருக்கிறார்.

2022-இல் கலைத் திருவிழா தொடங்கியபோது நம் எல்லோருக்கும் ஒரு வேகம் வந்தது நினைவிருக்கும். கருவி இசைக்குப் பிள்ளைகளைத் தயார் செய்யலாம் என்று பார்த்தால் எங்கள் பள்ளியில் ஒரு பழைய ஆர்மோனியம் மட்டும் இருந்தது, அதிலும் இரண்டு கட்டை எழாது. முன்னாள் மாணவர் ஒருவர் ஐயாயிரம் ரூபாய் கொடுத்தார். நான் கடைக்குப் போனேன். கறுப்பு நிறத்தில் பளபளவென்று ஒன்று தொங்கியது. விலை 4,200 ரூபாய். உறை இலவசம் என்றார்கள். வாங்கி வந்துவிட்டேன். கடையில் அதை நான் வாசித்துக்கூடப் பார்க்கவில்லை.

அது இரும்புக் கம்பி போட்ட கிட்டார். ஏழாம் வகுப்பு மாணவி ஒருத்தி முதல் நாளிலிருந்து அதை விடவில்லை. மதிய உணவை ஐந்து நிமிடத்தில் முடித்துவிட்டு வந்து உட்காருவாள். மூன்று வாரம் வந்தாள். பிறகு வரவில்லை. இந்த வயதில் ஆர்வம் இப்படித்தான் வரும் போகும் என்று நான் முடிவு கட்டினேன். ஒரு நாள் ஆய்வகத்தில் சோதனைக் குழாயை அவள் விரல் நுனியால் பிடிக்காமல் உள்ளங்கையால் அணைத்துப் பிடிப்பதைப் பார்த்தேன். இடது கையைத் திருப்பினால் மூன்று விரல் நுனியிலும் தோல் வெடித்திருந்தது.

"வலிக்கலை டீச்சர்" என்றாள்.

அடுத்த பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்துக்கு அவளுடைய அம்மா வந்திருந்தார். குரலை உயர்த்தாமல்தான் சொன்னார்: "பூக் கட்டற கை டீச்சர் அது. சாயந்தரம் அவ கட்டித் தர்றதுலதான் மறுநாள் காசு. இப்ப நார் பிடிக்கவே முடியலைங்கறா."

எனக்கு ஒரு பதிலும் இல்லை. கிட்டார் பீரோவின் மேலே போனது. பிறகு ஒரு நாள் சும்மா ஆய்வக அளவுகோலை வைத்துப் பார்த்தேன். பன்னிரண்டாவது ஃப்ரெட்டில் கம்பிக்கும் அதன் கீழே இருக்கும் உலோகப் பட்டைக்கும் இடையே ஐந்து மில்லிமீட்டருக்கு மேல் இடைவெளி. வீணையில் மெட்டு என்கிறோமே, அதுதான் ஃப்ரெட். கம்பியை அவ்வளவு தூரம் அழுத்த என் விரலுக்கே வலித்தது. இதே வகைக் கிட்டாரில் இதில் பாதி இருந்தாலே போதும்.

சென்ற கல்வியாண்டில் பழைய மாணவர் குழு ஒன்று இருபதாயிரம் ரூபாய் தர முன்வந்தது. குழுக் கூட்டத்தில் பெரிய விவாதம். மின்விசிறி வாங்கலாம் என்றார்கள், கீபோர்டு வாங்கலாம் என்றார்கள், கிட்டாரெல்லாம் சினிமாக்காரர் வாத்தியம் என்றும் ஒருவர் சொன்னார். எல்லாவற்றிலும் நியாயம் இருந்தது. முடிவாக எங்கள் குழுத் தலைவி, அவரும் ஒரு தாய்தான், "அந்தப் பிள்ளைக்கு ஒரு கடன் இருக்கு, அதை முதல்ல தீருங்க" என்றார். அந்தப் பெண் அப்போது ஒன்பதாம் வகுப்பு.

இந்த முறை நான் படித்துவிட்டுத்தான் போனேன்.

முதலில் கம்பியா நைலானா என்பது. கிட்டாரில் பழங்காலத்தில் ஆட்டுக் குடலில் செய்த தந்திகள்தான் இருந்தன. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் அறுவை சிகிச்சைத் தையலுக்குக் குடல் நூல் தேவைப்பட்டதால் இசைக் கலைஞர்களுக்குத் தட்டுப்பாடு வந்தது. 1940-களில் நியூயார்க்கில் ஆல்பர்ட் அகஸ்டின் என்பவர் ஸ்பெயின் நாட்டுக் கலைஞர் ஆண்ட்ரேஸ் செகோவியாவின் ஊக்கத்தோடு நைலானில் தந்தி செய்தார். 1935-இல் டூபான்ட் நிறுவனத்தில் கரோதர்ஸ் கண்டுபிடித்த அதே நைலான். செயற்கை இழைப் பாடம் நடத்தும்போது நாம் காலுறை, கயிறு, மீன்வலை என்று சொல்லி முடித்துவிடுகிறோம். இந்தக் கதையையும் சேர்த்துக்கொள்ளலாம், பிள்ளைகள் கவனிப்பார்கள்.

இரும்புக் கம்பிக் கிட்டாரில் ஆறு கம்பியும் சேர்ந்து ஏறக்குறைய 70 கிலோ எடை அளவுக்கு இழுத்துக்கொண்டு நிற்கும். நைலானில் அது 40 கிலோ அளவுதான். தந்தியும் தடிமன், அதனால் விரலை அறுக்காது. நைலானிலும் முதல் இரண்டு வாரம் விரல் நுனி கொஞ்சம் எரியும். ஆனால் தோல் வெடிக்காது, மாலையில் பூக் கட்டலாம்.

கடையில் ஒரு பையன் "நைலான் ஆரம்பக்காரங்களுக்கு மேடம்" என்றான். நம்பாதீர்கள். இளையராஜா லண்டன் ட்ரினிட்டி இசைக் கல்லூரியின் தேர்வு எழுதித் தேறியது கிளாசிக்கல் கிட்டாரில். அது நைலான் வகைதான்.

பழைய கிட்டாரிலேயே நைலான் தந்தியை மாற்றிவிடலாமே என்று அந்த மாணவியே கேட்டாள். நல்ல கேள்வி. மாற்றக் கூடாது. கம்பிக் கிட்டாரின் மேல்பலகை 70 கிலோ இழுப்புக்காகக் கட்டப்பட்டது. நைலானின் மெல்லிய அதிர்வுக்கு அது அசைந்து கொடுக்காது, சத்தம் வராது. தந்தியைப் பூட்டும் முறையும் வேறு. அதைவிட முக்கியம், நைலான் கிட்டாரில் யாரும் இரும்புக் கம்பி போட்டுவிடக் கூடாது. பிரிட்ஜ் பெயர்ந்துவிடும், கழுத்து வளைந்துவிடும். தந்தி அறுந்தால் பக்கத்து ஊர்க் கடையில் கிடைப்பதை வாங்கி மாட்டும் பழக்கம் நம்மிடம் உண்டு. அதனால் எங்கள் உறையின் மேல் 'நைலான் மட்டும்' என்று பெரிதாக எழுதி வைத்திருக்கிறோம்.

அடுத்தது, மின் இணைப்பு உள்ளதா, இல்லாததா. நைலானின் குறை இதுதான்: ஓசை மென்மை. வகுப்பறையில் இனிமையாக இருக்கும். நானூறு பிள்ளைகள் நிற்கும் காலை வணக்கத்தில் மூன்றாவது வரிசைக்கு மேல் கேட்காது. மைக்கை முன்னால் வைத்தால் மைக் செட் ஊளையிடும், பிள்ளை அசைந்தால் ஓசை கூடிக் குறையும். எனவே உள்ளேயே பிக்கப் பொருத்திய கிட்டார் எங்களுக்குத் தேவைப்பட்டது. வகுப்பறையில் மட்டும்தான் வாசிக்கப் போகிறீர்கள் என்றால் இதற்குச் செலவு செய்யாதீர்கள். அதே பணத்துக்கு மின்சாதனம் இல்லாத, இன்னும் நல்ல மரம் கிடைக்கும்.

மின்சாரக் கிட்டாரில் இருப்பது காந்தப் பிக்கப். காந்தத்தின் மேலே இரும்புக் கம்பி அதிர்ந்தால் சுருளில் மின்னோட்டம் உண்டாகும், ஃபாரடே சொன்னது. நைலானை அந்தக் காந்தம் அறியாது. ஆகவே நைலான் கிட்டாரில் பெரும்பாலும் தந்திகள் உட்காரும் வெள்ளைப் பட்டைக்குக் கீழே பீசோ வகைப் பிக்கப் இருக்கும். அந்தப் பட்டைக்குச் சேடில் என்று பெயர். அழுத்தம் பட்டால் மின்னழுத்தம் தரும் பொருள்தான் பீசோ. க்யூரி சகோதரர்கள் 1880-இல் கண்டறிந்த விளைவு இது. நம் அடுப்படி கேஸ் லைட்டரில் 'டக்' என்று பொறி வருவதும் இதனால்தான். நான் வகுப்புக்கு லைட்டரையும் கிட்டாரையும் சேர்த்தே கொண்டு போகிறேன். ஒன்பதாம் வகுப்பில் அன்று ஒருவரும் தூங்குவதில்லை.

அந்தச் சிறு மின்குறியை வலுப்படுத்த, கிட்டாரின் பக்கவாட்டில் ப்ரீ-ஆம்ப் என்ற சிறு பெட்டி இருக்கும். ஒலியளவு, பேஸ், ட்ரெபிள் திருகுகள் அதில் இருக்கும், பல மாடல்களில் சுருதி காட்டும் ட்யூனரும் இருக்கும். ஓம் விதிச் சோதனைக்கு நாம் பயன்படுத்தும் அதே 9 வோல்ட் பேட்டரிதான் பெரும்பாலும். நமக்கு அந்த ட்யூனர் ஒரு வரம். சுருதி சேர்க்கத் தெரிந்த ஆசிரியர் இல்லாத பள்ளியிலும் பிள்ளைகள் அதைப் பார்த்துத் தாங்களே சேர்த்துக்கொள்வார்கள்.

இப்போது கட்டவே. கழுத்து உடலோடு சேரும் இடத்தில், கீழ்ப்பக்கத் தோளைக் குடைந்து விட்டிருப்பார்களே, அதுதான். கிளாசிக்கல் கிட்டாரில் கழுத்து பன்னிரண்டாவது ஃப்ரெட்டில் உடலோடு சேரும். அதற்கு மேலுள்ள சுரங்களை எட்டக் கை இடறும். குடைவு இருந்தால் எட்டும். உண்மையைச் சொன்னால், நம் பிள்ளைகள் முதல் இரண்டு ஆண்டு அந்தப் பக்கமே போக மாட்டார்கள். கட்டவேக்காகத் தனியாகப் பணம் கொடுக்காதீர்கள். ஆனால் பிக்கப் பொருத்திய நைலான் கிட்டார் கேட்டால் கடையில் எடுத்து வைப்பதில் பெரும்பாலானவை கட்டவேயுடன்தான் வருகின்றன. சேர்ந்து வந்தால் வரட்டும்.

ஆனால் அதனால் ஒரு நட்டம் உண்டு, அதை நான் முன்கூட்டி யோசிக்கவில்லை. எங்கள் ஆறாம் வகுப்பில் ஒரு பையன் இடது கைக்காரன். கட்டவே இல்லாத கிட்டாராக இருந்தால், நட் என்னும் தந்திப் பள்ளப் பட்டையையும் சேடிலையும் மாற்றி, தந்திகளைத் தலைகீழாகப் பூட்டி அவனுக்குக் கொடுக்கலாம். கட்டவே உள்ளதைத் திருப்பிப் பிடித்தால் குடைவு மேலே போய்விடும், திருகுகள் எல்லாம் தவறான பக்கத்தில் வரும். அவன் இப்போது வலது கைக்காரன் போலவே பழகுகிறான். சிரமப்படுகிறான். உங்கள் பள்ளியில் யார் கற்கப் போகிறார்கள் என்று முதலில் பார்த்துவிட்டுப் போங்கள்.

கடைக்குப் போன சனிக்கிழமைக்கு வருகிறேன். குழுத் தலைவி, பகுதிநேர இசை ஆசிரியர், அந்த மாணவி, நான் என்று நான்கு பேர் பேருந்தில் போனோம். என் பையில் ஆய்வக இரும்பு அளவுகோல், புது 9 வோல்ட் பேட்டரி, ஒரு நோட்டு. கடைக்காரர் சிரித்தார். பிறகு நாற்காலி போட்டுக் கொடுத்தார்.

முதலில் அவளை உட்கார வைத்து மடியில் கிட்டாரைக் கொடுத்தோம். உடல் தடிமனாக இருந்தால் வலது தோள் மேலே தூக்கும். பிறகு கழுத்தின் அகலம். 19-ஆம் நூற்றாண்டில் ஸ்பெயின் நாட்டின் அன்டோனியோ டி டோரஸ் வகுத்த அமைப்பைத் தழுவித்தான் இன்றைய கிளாசிக்கல் கிட்டார்கள் செய்யப்படுகின்றன. நட் பட்டையிலிருந்து சேடில் வரை தந்தியின் நீளம் 650 மில்லிமீட்டர், நட் இருக்கும் இடத்தில் கழுத்தின் அகலம் 52 மில்லிமீட்டர். பெரியவர் கைக்கு அது சரி. இதைக் குறுக்கி 48 மில்லிமீட்டரில் செய்வதும் உண்டு. உதாரணத்துக்கு யமஹா நிறுவனத்தின் என்சிஎக்ஸ்1, என்டிஎக்ஸ்1 என்ற இரண்டைப் பாருங்கள். இரண்டும் கட்டவே, பிக்கப் உள்ள நைலான் கிட்டார்கள். முதலாவதில் 52 மில்லிமீட்டர் கழுத்து, அது பன்னிரண்டாவது ஃப்ரெட்டில் உடலோடு சேரும். இரண்டாவதில் 48 மில்லிமீட்டர், பதினான்காவதில் சேரும், உடலும் மெலிது. இபனெஸ் ஜிஏ5டிசிஇ போன்ற மெல்லிய உடல் மாடல்களில் 46 வரை வருகிறது. இவற்றை வாங்குங்கள் என்று சொல்லவில்லை. துறைக் கூட்டத்தில் விளம்பரம் செய்யக் கூடாது. பெட்டியில் எழுதியிருக்கும் எண்களை எப்படிப் படிப்பது என்பதற்காகச் சொல்கிறேன்.

அவளுக்கு 52-ஐக் கொடுத்தபோது சுண்டு விரல் கனத்த தந்தியை எட்டவில்லை. 48-இல் எட்டியது. என் கைக்கு இரண்டும் ஒன்றாகவே தெரிந்தன. பிள்ளையை அழைத்துப் போகாமல் இருந்திருந்தால் அகலமானதைத்தான் வாங்கியிருப்பேன், ஏனென்றால் அதில் மரவேலை அழகாக இருந்தது. ஐந்தாம் வகுப்புக்குக் கீழே என்றால் முழு அளவே வேண்டாம், முக்கால் அளவு கேளுங்கள்.

பிறகு அளவுகோல். நைலானில் பன்னிரண்டாவது ஃப்ரெட்டில் மெல்லிய தந்திக்குக் கீழே மூன்று மில்லிமீட்டர், கனத்த தந்திக்குக் கீழே நான்கு. அதற்கு மேல் இருந்தால் சேடிலைத் தேய்த்துக் குறைத்துத் தரச் சொல்லுங்கள். அது கடைக்காரர் செய்ய வேண்டிய வேலை. ஒவ்வொரு ஃப்ரெட்டிலும் ஒவ்வொரு தந்தியையும் அழுத்தி மீட்டிப் பார்க்க வேண்டும். பத்து நிமிடம் ஆகும், ஆகட்டும். எங்காவது 'ஜ்ஜ்' என்று அதிர்ந்தால் வேறு கேளுங்கள். கழுத்தின் ஓரத்தில் விரலை மேலும் கீழும் ஓட்டினால் உலோக முனை கீறக் கூடாது. பன்னிரண்டாவது ஃப்ரெட்டுக்கு நேர் மேலே தந்தியை லேசாகத் தொட்டு மீட்டினால் மணி போல் ஒரு ஒலி வரும். அதே இடத்தில் அழுத்தி மீட்டினாலும் அதே சுருதி வர வேண்டும். வராவிட்டால் ட்யூனரில் சரியாகக் காட்டினாலும் பாட்டில் அபசுரம் பேசும்.

இவ்வளவும் வயரைச் சொருகாமல். முதலில் மரத்தைக் கேளுங்கள், பிறகு மின்சாரத்தை.

வயரைச் சொருகியதும் ஆறு தந்தியையும் ஒரே விசையில் மீட்டிப் பார்த்தோம். பீசோ பட்டை சரியாகப் படிந்திருக்காவிட்டால் ஒரு தந்தி மட்டும் மங்கும். ஒரு கிட்டாரில் மூன்றாம் தந்தி பாதி ஓசைதான் வந்தது. அதை ஒதுக்கினோம். திருகுகளைத் திருப்பும்போது கரகரக்கக் கூடாது. வேகமாக வருடினால் பீசோவில் தகரம் தட்டுவது போல ஒரு சாயல் வரும். ட்ரெபிளைக் குறைத்தால் அடங்கும். முழுக்கப் போகாது, அது அதன் இயல்பு. நம் பள்ளிகளில் ஹார்ன் ஸ்பீக்கர்தான் இருக்கிறது. அதில் இந்தத் தகரச் சாயல் கூடும், பேஸ் வராது. பெட்டி ஸ்பீக்கர் ஒன்று கிடைத்தால் கிட்டாரே மாறிவிட்டது போல் இருக்கும்.

மேல்பலகையைப் பற்றித்தான் எங்களுக்குள் கருத்து வேறுபாடு வந்தது. ஸ்ப்ரூஸ் அல்லது சிடார் ஒரே மரத்தில் செய்தது, மெல்லிய தாள்களை ஒட்டிச் செய்தது என இரண்டு வகை. ஒலித் துளையின் விளிம்பில் பாருங்கள்: மேலே தெரியும் மர ரேகை விளிம்பிலும் தொடர்ந்தால் ஒரே மரம், அடுக்கு தெரிந்தால் ஒட்டுப் பலகை. ஒரே மரத்தின் நாதம் மேலானது, எனக்கே தெரிந்தது. இசை ஆசிரியர் அதைத்தான் வாங்க வேண்டும் என்றார். ஆனால் அது மிக வறண்டாலும் வெடிக்கும், ஈரம் ஏறினாலும் உப்பும். எங்கள் கிட்டார் இருக்கப் போவது மே மாதம் முழுக்கப் பூட்டிக் கிடக்கும் தலைமையாசிரியர் அறையில். ஒட்டுப் பலகை அதைத் தாங்கும், ஸ்பீக்கர் அருகில் ஊளையிடுவதும் குறைவு. நான் ஒட்டுப் பலகை என்றேன். இசை ஆசிரியருக்கு இன்னும் என் மேல் வருத்தம் உண்டு. அவர் சொன்னது தவறு என்று நான் சொல்ல மாட்டேன். அவர் வீட்டுக்கு என்றால் அதைத்தான் வாங்க வேண்டும்.

வயர், கனமான உறை, ஒரு மாற்றுத் தந்தித் தொகுதி, கால் வைக்கும் பலகை எல்லாம் சேர்த்து இருபதாயிரத்துக்குள் முடிந்து, சில்லறையும் மிஞ்சியது. ரசீதைக் குழுப் பதிவேட்டில் ஒட்டினோம். நீங்கள் போகும்போது பெட்டி, வயருக்குப் பணம் ஒதுக்கிவிட்டுக் கிட்டாருக்கு விலை பேசுங்கள். நாங்கள் கடைசியில்தான் நினைத்துப் பார்த்தோம்.

பராமரிப்பில் எங்களிடம் நடந்த ஒரே தவறு பேட்டரி. புது பேட்டரி பத்து நாளில் தீர்ந்துவிட்டது. கிட்டார் பழுது என்று நினைத்தேன். காரணம் எளிது: வயரைச் சொருகினாலே ப்ரீ-ஆம்ப் இயங்கத் தொடங்கும், அதுதான் அதன் சுவிட்ச். காலை வணக்கம் முடிந்து வயரோடு அப்படியே சாய்த்து வைத்தால் இரவெல்லாம் ஓடிக்கொண்டிருக்கும். இப்போது வயரைக் கழற்றி உறையில் வைப்பது ஒரு மாணவர் பொறுப்பு. நீண்ட விடுமுறைக்குப் பேட்டரியையே கழற்றிவிடுகிறோம், ரசாயனம் கசிந்து உள்ளே அரித்துவிடக் கூடாது. வெயிலில் நிற்கும் காரில் வைக்காதீர்கள், பசை இளகும்.

அந்தப் பெண் இப்போது பத்தாம் வகுப்பு. பொதுத்தேர்வு ஆண்டு என்பதால் மதியம் இருபது நிமிடம் மட்டும் என்று அவளுடைய அம்மாவோடு ஒப்பந்தம். கலைத் திருவிழாவில் வட்டார அளவோடு நின்றுவிட்டாள். அதற்கு இரண்டு நாள் பேசவில்லை. இப்போது அந்த இருபது நிமிடத்தில் பத்தை ஆறாம் வகுப்புப் பிள்ளைகள் மூன்று பேருக்குக் கொடுக்கிறாள், அந்த இடது கைப் பையனும் அதில் ஒருவன். எனக்கு வராத ஐந்தாவது கார்டை அவனுக்கு அவள் சொல்லிக் கொடுத்ததை ஜன்னல் வழியாகப் பார்த்தேன்.

பீரோவின் கதவுக்கு உள்பக்கம் பேட்டரி மாற்றிய தேதிகளை எழுதும் தாள் ஒட்டியிருக்கிறோம். மேலே உள்ள தேதிகள் என் கையெழுத்து, அடுத்தவை அவளுடையவை. போன வாரத் தேதியை அந்தப் பையன் எழுதியிருக்கிறான். யாராவது வாங்கப் போவதாக இருந்தால் சொல்லுங்கள், அளவுகோல் என்னிடம் இருக்கிறது.